பக்கத்து அறைக்கு ஒரு வயர் போதும்

வீட்டில் இரண்டு கொம்பியூட்டர் இருக்கிறவர்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு ஃபைலை எப்படி அனுப்புகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் போய் இறக்குவார்கள். இரண்டு மெசினும் ஒரே மேசையில்தான் இருக்கும். ஃபைல் மட்டும் ஹட்டனிலிருந்து மலையிறங்கி, கடல் தாண்டி, எந்த நாட்டிலோ இருக்கிற சர்வரில் தங்கிவிட்டுத் திரும்பவும் மலையேறி வரும். போகும்போதும் டேட்டா வெட்டும், வரும்போதும் வெட்டும். ஒரு பக்கக் கடிதத்துக்கு இது பரவாயில்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். பழைய கொம்பியூட்டரை விட்டுப் புதியதற்கு மாறும்போது, வருடக்கணக்கில் சேர்ந்த படமும் வீடியோவும் பத்திரமும் மொத்தமாக நகர வேண்டிய நேரத்திலும் அதையே செய்ய நினைப்பதுதான் பிரச்சினை.

இப்போது எங்கள் பக்கத்தில் அப்படி மாறுகிறவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புரொசசரும் ஓரளவு புதியதாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டு டெஸ்க்டொப்பில் இரண்டும் இல்லை. அதனால் ஒரு லெப்டொப் வந்தது. அந்த டெஸ்க்டொப்பில் கிட்டத்தட்ட 300 கிகாபைட் இருந்தது. அதை நகர்த்திய கதைதான் இது, ஆனால் கதையைவிடக் கணக்குத்தான் முக்கியம்.

முதலில் பிட்டும் பைட்டும். இன்டர்நெட் பெக்கேஜ் விற்கிறவர் சொல்வது மெகாபிட், ஃபைலின் அளவு காட்டப்படுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். அப்லோட் வேகம் 10 மெகாபிட் என்றால் ஒரு செக்கனுக்கு 1.25 மெகாபைட்தான் போகும், அதுவும் டவரில் கூட்டம் இல்லாத நேரத்தில். அந்த வேகத்தில் 300 கிகாபைட்டை ஏற்ற ஏறக்குறைய 67 மணித்தியாலம், கிட்டத்தட்ட மூன்று நாள் இராப்பகலாக. அப்புறம் இறக்க வேறு வேண்டும். டேட்டா காசைக் கணக்குப் பார்த்தால் அதைவிடப் பயம்.

வீட்டு வைஃபை? இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை, டேட்டாவும் வெட்டாது, இது பலருக்குத் தெரியாது. ரவுட்டரில் சிம் இல்லாவிட்டாலும் வீட்டுக்குள் இருக்கிற இரண்டு மெசினும் அது வழியாகப் பேசிக்கொள்ளும். ஆனால் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில், பழைய டெஸ்க்டொப்பில் செருகிய ஒரு மலிவு டொங்கிளோடு, செக்கனுக்கு 5 மெகாபைட் வந்தாலே நல்லது. அந்தக் கணக்கில் 300 கிகாபைட்டுக்கு 16, 17 மணித்தியாலம். இரண்டு பக்கமும் வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு தடவை போக வேண்டும், ஒன்று ரவுட்டருக்கு, இன்னொன்று ரவுட்டரிலிருந்து. அதனால் ஒரு மெசினையாவது வயரில் ரவுட்டரோடு இணைத்துவிட்டால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யலாம்.

பென் டிரைவ் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. டவுனில் வாங்குகிற மலிவான பென்னில் எழுதும் வேகம் 10 மெகாபைட்டுக்கே திணறும். நிறையப் பென் இன்னும் ஃபெட்32 முறையில்தான் வரும், அதில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரு தனி ஃபைலை வைக்க முடியாது, கல்யாண வீடியோ ஒன்றைப் போட்டால் ஃபைல் மிகப் பெரியது என்று சொல்லும், பென்னில் பாதி காலியாகக் கிடந்தாலும். எக்ஸ்ஃபெட்டுக்கு மாற்றி ஃபோர்மட் பண்ணினால் அந்தத் தடை போய்விடும். அப்படியும் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி... சரி, விடுங்கள்.

நான் செய்தது ஒரு லேன் வயரை எடுத்து ஒரு முனையை டெஸ்க்டொப்பிலும் மறு முனையை லெப்டொப்பிலும் நேராகச் செருகியது. நடுவில் ரவுட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை. கிகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 110 மெகாபைட் வரை வரும். பழைய ஹார்ட் டிஸ்க் அந்த வேகத்துக்கு வாசிக்காது என்பதால் 80, 90 என்று வைத்துக்கொண்டாலும் 300 கிகாபைட் ஒரு மணித்தியாலத்தில் முடியும். மூன்று நாளுக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில் இருப்பது இரண்டு மீற்றர் வயர்.

கடைக்காரர் "ரெண்டு கொம்பியூட்டருக்கு நடுவுல போடுறதுன்னா குரொஸ் கேபிள் வேணும்" என்று சொல்லலாம். அது ஒரு காலத்தில் உண்மை. கிகாபிட் போர்ட் இருக்கிற மெசின்கள் எந்த வயர் எங்கே என்று தாங்களே பார்த்து மாற்றிக்கொள்ளும், சாதாரண கெட் 5இ வயர் போதும். புதிய லெப்டொப்பில் லேன் துளையே இல்லாமல் இருக்கலாம், அதற்கு யுஎஸ்பி அடெப்டர் வாங்க வேண்டும். அங்கேதான் கவனம்: யுஎஸ்பி 2.0 அடெப்டர்களில் பெரும்பாலானவை 100 மெகாபிட்தான், செக்கனுக்கு 11 மெகாபைட்டைத் தாண்டாது, அப்போது அந்த ஒரு மணித்தியாலம் ஏழரையாகும். யுஎஸ்பி 3.0, கிகாபிட் என்று இரண்டும் பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். வயரும் அப்படித்தான். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கிற எட்டுக் கம்பியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு நாலு போதும். அதனால் அந்த நாலைத் தவிர்த்த மற்றதில் ஒரு கம்பி அறுந்தால் வயர் பெரும்பாலும் வேலை செய்யாமல் போகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். கொப்பி மெதுவாகப் போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது நெட்வேர்க் செட்டிங்கில் காட்டுகிற லிங்க் ஸ்பீட்.

இரண்டு பக்கமும் சாதாரண யுஎஸ்பி முனை இருக்கிற வயரை வாங்கி இரண்டு கொம்பியூட்டரையும் இணைக்க மட்டும் முயல வேண்டாம். இரண்டும் மின்சாரம் கொடுக்கிற பக்கம், போர்ட் எரிந்துபோக வாய்ப்பிருக்கிறது. அதற்கென்று நடுவில் சிப் வைத்த வயர் தனியாக இருக்கிறது. ஆனால் லேன் இருக்கும்போது அது எதற்கு?

வயரைச் செருகியதும் தானாக ஃபைல் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரவுட்டர் இல்லாததால் ஐபி எண் (நெட்வேர்க்கில் ஒவ்வொரு மெசினுக்கும் உரிய விலாசம்) கொடுக்க யாரும் இல்லை, இரண்டு மெசினும் சற்று நேரம் காத்திருந்துவிட்டு 169.254 என்று தொடங்குகிற எண்ணைத் தாமே போட்டுக்கொள்ளும். அதிலும் வேலை நடக்கும். ஆனால் கையால் போட்டுவிடுவது நிம்மதி: ஒன்றுக்கு 192.168.50.1, மற்றதற்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0, கேட்வே (வெளி நெட்வேர்க்குக்குப் போகிற வழி) காலியாக. ரவுட்டர் வழக்கமாக 192.168.1 அல்லது அதுபோல ஒன்றில் இருக்கும், அதோடு மோதாத வரிசையாக எடுத்தால் சரி. பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் போட்டு, அதாவது இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கலாம், ஆனால் விண்டோஸ் ஃபயர்வோல் பிங்கையே தடுக்கும், பதில் வரவில்லை என்றவுடன் வயரைச் சந்தேகிக்க வேண்டாம்.

சந்தேகிக்க வேண்டியது நெட்வேர்க் வகையை. கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாதது' என்று சொல்லி பப்ளிக்கில் போட்டுவிடும், பஸ் ஸ்டாண்ட் வைஃபைக்குக் கொடுக்கிற அதே மரியாதை. அங்கே ஃபைல் ஷேரிங் பூட்டியிருக்கும். அதைப் பிரைவேட்டாக மாற்ற வேண்டும். மாற்ற இடம் தராவிட்டால் பப்ளிக்கிலேயே ஃபைல் ஷேரிங்கை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிட்டு, வைஃபையை நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.

அடுத்தது பாஸ்வேர்ட். பெரும்பாலானவர்கள் இங்கேதான் கைவிட்டுப் பென்னைத் தேடிப் போகிறார்கள். பழைய மெசினில் ஃபோல்டரை ஷேர் பண்ணியாயிற்று, புதியதில் எக்ஸ்ப்ளோரர் மேல்பட்டியில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபி எண்ணைத் தட்டியாயிற்று, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது, என்ன கொடுத்தாலும் பிழை என்கிறது. காரணம் இரண்டில் ஒன்று. பழைய மெசினில் பாஸ்வேர்டே இல்லாமல் இருக்கலாம், அப்படியான கணக்கை நெட்வேர்க் வழியாக உள்ளே விடாதது விண்டோஸின் இயல்பு. அல்லது நாம் தினமும் தட்டுகிற நாலு இலக்கப் பின் எண்ணைக் கொடுக்கிறோம், பின் அந்த மெசினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டுந்தான், வெளியிலிருந்து வருகிறவருக்குச் செல்லாது. பழைய மெசினில் பாஸ்வேர்டோடு புதிதாக ஒரு லோக்கல் கணக்கைத் திறந்து, அதற்கு அந்த ஃபோல்டரை வாசிக்கிற அனுமதி கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஹோம்குரூப் என்று முன்பு ஒன்று இருந்ததே என்று தேடாதீர்கள், 2018 இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். எங்காவது பழைய வழிகாட்டியில் எஸ்எம்பி1 ஐ (ஃபைல் ஷேரிங்கின் பழைய முறை) ஒன் பண்ணச் சொன்னால் அதையும் செய்யாதீர்கள். 2017 இல் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிக் காசு கேட்ட வானாகிரை அந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. விண்டோஸ் 7 கூட எஸ்எம்பி2 பேசும், அதனால் பழையதைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இழுத்துப் போடுவதற்கு முன்னால் மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவை ஒரு தடவை பாருங்கள், இது மலைநாட்டு டேட்டாக்காரர்களுக்கு நான் அழுத்திச் சொல்கிற விஷயம். புதிய லெப்டொப்பை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு தொடங்கினால், டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் ஒன்ட்ரைவ் தன் பொறுப்பில் எடுத்திருக்கக்கூடும். நீங்கள் வயரில் கொண்டுவந்த படங்களைப் பிக்சர்ஸுக்குள் போட்ட அடுத்த நிமிடம் அது மேலே ஏற்றத் தொடங்கும். இலவச இடம் 5 கிகாபைட்தான், அது நிறையும்வரை உங்கள் டேட்டாவில் ஏற்றிவிட்டு, அப்புறம் இடம் நிறைந்துவிட்டது, காசு கட்டு என்று கேட்கும். அந்த பெக்கப்பை முதலில் நிறுத்துங்கள், அல்லது டி டிரைவில் தனி ஃபோல்டர் போட்டு அங்கே இறக்குங்கள். பழைய மெசினிலும் பாருங்கள்: ஃபைலுக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது உங்கள் டிஸ்க்கிலேயே இல்லை, கொப்பி பண்ணும்போது இன்டர்நெட்டிலிருந்து இறங்கும்.

கரண்ட் விஷயம். 2022 மாதிரி ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டுகிற காலம் இல்லைதான், ஆனால் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இடிக்கத் தொடங்கினால் இங்கே எந்தத் தோட்டத்திலும் விளக்கு நிலையாக நிற்காது. லெப்டொப் பெட்டரியில் தாங்கும், டெஸ்க்டொப் தாங்காது. சாதாரண கொப்பி பாதியில் நின்றால் எது வந்தது, எது வரவில்லை, எது பாதி வந்தது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை. அதனால் ரோபோகொப்பியைப் பயன்படுத்தினேன். விண்டோஸிலேயே இருக்கிறது, கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை: முதலில் எங்கிருந்து, அடுத்து எங்கே, அதன் பிறகு ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபோல்டரையும் சேர்க்கச் சொல்லி ஈ என்ற ஆங்கில எழுத்து, நின்ற இடத்திலிருந்து தொடரச் சொல்லி இசட் என்ற ஆங்கில எழுத்து, இரண்டுக்கும் முன்னால் ஒவ்வொரு சாய்கோடு. கரண்ட் போய்வந்தால் அதே வரியைத் திரும்பத் தட்டினால் போதும், ஏற்கனவே சரியாக வந்தவற்றைத் தாண்டிப் போய்விடும். மிர் என்று ஒரு தெரிவு இருக்கிறது, பலர் அதைப் பரிந்துரைப்பார்கள், அது இரண்டு பக்கத்தையும் அச்சு அசலாக்கும். அதாவது இந்தப் பக்கம் இல்லாததை அந்தப் பக்கம் அழிக்கும். எங்கிருந்து, எங்கே என்பதை இடம் மாற்றித் தட்டினால் காலியான புதிய ஃபோல்டருக்கு ஏற்றபடி பழையதைத் துடைத்துவிடும். வீட்டு வேலைக்கு அது தேவையே இல்லை.

எங்கள் 300 கிகாபைட்டில் வீடியோ ஃபைல்கள் சொன்ன வேகத்தில் பறந்தன. போன்களிலிருந்து காலாகாலமாக இறக்கி வைத்த வாட்ஸ்அப் ஃபோல்டர் மட்டும் ஊர்ந்தது, ஸ்டிக்கர், சின்னப் படம், குரல் செய்தி என்று ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல். ஒரு மூட்டைக் கொழுந்தை ஒரே தடவையில் நிறுப்பதும், அதையே கைப்பிடி கைப்பிடியாக நிறுத்துத் துண்டில் எழுதுவதும் மாதிரி, ஒவ்வொரு ஃபைலுக்கும் திறந்து, எழுதி, மூடுகிற வேலை தனித்தனியாக இருக்கிறது. அப்படியான ஃபோல்டரை முதலில் ஒரே ஸிப்பாகக் கட்டி (சுருக்கத் தேவையில்லை, கட்டினால் போதும்) அனுப்பினால் வேகம் வந்துவிடும். ஆனால் தமிழில் பெயர் வைத்த ஃபைல்களைப் பழைய ஸிப் மென்பொருளில் கட்டினால் பெயர் சிதைந்து வரும். செவன்ஸிப் பரவாயில்லை.

அந்த வாட்ஸ்அப் குப்பை போனாலும் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். ஒரு சின்ன ஃபோல்டர் இருந்தது, மொத்தமே சில நூறு மெகாபைட், அதில்தான் என் கண் முழுக்க இருந்தது. தாத்தாவின் பதிவுப் பிரஜாவுரிமைச் சான்றிதழ், அப்பாயியின் பிறப்புப் பதிவு, அம்மாவின் சேமலாப நிதிக் கடிதங்கள், எல்லாருடைய அடையாள அட்டையும் ஸ்கேன் பண்ணி வைத்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாகி, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போடப்பட்டு, 2003 பிரஜாவுரிமைச் சட்டம் வரைக்கும் சிலர் காத்திருந்த சனம் நாங்கள். ஒரு காகிதம் இல்லை என்றால் என்னவாகும் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அசல் தகரப் பெட்டியில் இருக்கிறது, ஆனால் இந்த ஈரத்தில் எத்தனை வருடம் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கும்?

அதனால் அந்த ஃபோல்டருக்கு மட்டும் ஹேஷ் போட்டுப் பார்த்தேன். விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை ஒரு ஃபைலைப் படித்து ஷா-256 முறையில் 64 எழுத்து நீளமான ஒரு வரி தரும். பழைய மெசினிலும் புதியதிலும் அந்த வரி ஒன்றாக இருந்தால் ஒரு பிட்டும் மாறாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றவற்றுக்கு ஃபோல்டரின் புரொப்பட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் பைட் எண்ணிக்கையும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்த்தால் போதும். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது தொடாமல் வையுங்கள். மூவ் பண்ணாதீர்கள், கொப்பி மட்டும். இந்த ஸ்கேன்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பத்திரப்படுத்துகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், அது படத்தைச் சுருக்கிவிடும், சின்ன எழுத்தெல்லாம் கரைந்துவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்திருக்கும்போது தம்பி கூப்பிட்டான். "அண்ணே, சங்கக் கடிதமெல்லாம் இங்கிலீசுல கிறுக்குன மாதிரி வருது." பாமினி. நம்மில் பலர் வருடக்கணக்கில் பாமினியில் தட்டியவர்கள். அந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன, எழுத்துரு இல்லாத மெசினில் திறந்தால் கீழே இருக்கிற ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் தெரியும். ஃபைல் கெடவில்லை. பழைய விண்டோஸின் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் கொண்டுவந்து நிறுவினால் கடிதம் திரும்ப வந்துவிடும். முக்கியமானவற்றை யுனிகோட்டுக்கு மாற்றியும் வைக்கலாம், மாற்றித் தருகிற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மாமா இதையெல்லாம் பார்த்துவிட்டு, தன் வீட்டுக் கொம்பியூட்டருக்கும் கூரைத் தகரத்துக்கு மேலால் ஒரு வயர் இழுத்துவிடலாமே என்றார். தூரம் பிரச்சினையில்லை, லேன் வயர் 100 மீற்றர் வரை போகும். ஆனால் வெளியே கிடக்கிற செம்புக் கம்பி, எங்கள் இடி மழையில். நேராக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் எங்காவது விழுந்தாலே வயரில் ஏறுகிற அழுத்தம் இரண்டு பக்கத்து மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். அவருக்கு லோக்கல்சென்ட் என்ற செயலியைப் போட்டுக் கொடுத்தேன். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், அண்ட்ரொய்ட் எல்லாவற்றிலும் ஓடும், ஒரே வைஃபையில் இருந்தால் இன்டர்நெட் இல்லாமல் அனுப்பும். லயத்துச் சுவர் ஒன்றுதானே, வைஃபை தாராளமாகத் தாண்டுகிறது. தினசரி நாலு படம், ஒரு பிடிஎஃப் என்று அனுப்ப அதுவே போதும்.

பழைய டெஸ்க்டொப்பைத் தூக்கிப் போடவில்லை. புது டிஸ்க் ஒன்றை வாங்கி அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுத் தம்பிக்குக் கொடுத்தாயிற்று, அவன் ஏ.எல். பாடக் குறிப்புகளைத் திரும்ப அதே வயரில் லெப்டொப்பிலிருந்து இழுத்துக்கொண்டான். சிலது மட்டும் பெயர் மிக நீளம் என்று சொல்லி வர மறுத்தன. விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 எழுத்துக் குறிகள் வரை இடம், லினக்ஸில் 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும், 'கோ' என்றால் க ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக ஆறு. அப்படிப் பார்த்தால் 85 குறிதான் மிச்சம், புள்ளியும் கொம்பும் கழித்தால் அதைவிடக் குறைவான எழுத்து. பாடத்தின் பெயர், அலகு, ஆசிரியர், ஆண்டு, 'இறுதித் திருத்தம் புதியது' என்று முழு விலாசத்தையும் பெயராக வைத்திருந்தால் எப்படிப் போகும்? ஆசிரியர் பெயரையும் 'புதியது' என்பதையும் வெட்டிவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னேன், போய்விட்டது.